10 மீட்டர் ஏர் ரைஃபிள்: பேரலுக்கு ஒத்துவரும் பெல்லட் லாட்டைத் தேடும் சோதனை

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மகளிர் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் ரமிதா ஜிந்தால் 631.5 எடுத்து 5ஆம் இடத்தில் இறுதிக்குப் போனார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்தார். அவருக்குக் கிடைத்தது 10ஆம் இடம், இறுதிச் சுற்று கைநழுவியது. 60 ஷாட்டில் இருவருக்கும் நடுவே 0.8 புள்ளி. இலக்கில் 0.1 புள்ளி என்பது 0.25 மி.மீ. அப்படியானால் 0.8 புள்ளி என்பது மொத்தம் 2 மி.மீ. அதை 60 ஷாட்டுக்குப் பங்கிட்டால் ஒரு ஷாட்டுக்கு 0.03 மி.மீ. சொச்சம், ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. அந்தப் போட்டியில் பெல்லட்டால் (ஏர் ரைஃபிளில் சுடும் சிறு ஈயக் குண்டு) எதுவும் மாறியது என்று இங்கே சொல்லவரவில்லை. எந்த அளவில் வேலை செய்கிறோம் என்பது முதலில் மனதில் பதிய வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கணக்கு.

2013க்கு முன்பு தகுதிச் சுற்றில் முழு எண்தான். 10ஐத் தொட்டால் 10, நடுவில் விழுந்தாலும் ஓரத்தில் விழுந்தாலும் ஒன்றே. அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்றபோது தகுதிச் சுற்றில் எடுத்த 596 அப்படி வந்த எண். இப்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் 10.9 வரை தசமம் உண்டு, 60 ஷாட்டுக்கு உச்சம் 654. அன்று கண்ணுக்குப் படாத பெல்லட் சிதறல் இன்று மதிப்பெண் பலகையில் தெரிகிறது.

வெடிமருந்துத் துப்பாக்கிக்காரர்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பித் துல்லியத்தைத் தேடுவார்கள். மருந்தின் எடை, குண்டு எவ்வளவு ஆழம் உட்காருகிறது, கேஸின் (தோட்டாவின் உலோகக் கூடு) கழுத்து எவ்வளவு இறுக்கம் என்று திருக அவர்களுக்குப் பல திருகாணிகள் உண்டு. ஏர் ரைஃபிளில் மருந்தும் இல்லை, கேஸும் இல்லை. நம் கையில் இருப்பது பெல்லட்டின் தலை அளவு, அதன் லாட் (ஆலையில் ஒரே தொகுதியாகச் செய்தவை), அது கிளம்பும் வேகம் ஆகிய மூன்றுதான். அதனால் இங்கே துல்லிய வேலையின் பெரும்பகுதி தேர்வு வேலை. ஆலையில் செய்துவந்த பெல்லட்டை நாம் மாற்ற முடியாது. எந்த லாட் இந்தப் பேரலோடு (துப்பாக்கிக் குழாய்) ஒத்துப்போகிறது என்று கண்டுபிடிக்க மட்டும் முடியும்.

எவ்வளவு லாபம் கிடைக்கும்?

சோதனைக்கு ஒரு முழு நாளும் சில நூறு பெல்லட்டும் போகும். அது யாருக்குத் தகும் என்பதை முதலிலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

மையத்திலிருந்து 0.25 மி.மீ.க்குள் விழுந்தால் 10.9, அடுத்த 0.25 மி.மீ. 10.8, இப்படியே இறங்கும். ஆகவே சராசரி மதிப்பெண்ணுக்கும் மையத்திலிருந்து ஷாட்டுகளின் சராசரித் தூரத்துக்கும் எளிய உறவு ஒன்று உண்டு: 10.95இலிருந்து மதிப்பெண்ணைக் கழித்து 0.4ஆல் வகுத்தால் தூரம் மி.மீ.யில் வரும். 630 எடுப்பவரின் சராசரி 10.5. தூரம் சுமார் 1.12 மி.மீ.

இந்த 1.12இல் கையின் ஆட்டமும் பெல்லட்டின் சிதறலும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டும் நேராகக் கூடுவதில்லை. வர்க்கம் எடுத்துக் கூட்டி வர்க்கமூலம் பார்க்க வேண்டும். ரைஃபிளை அசையாமல் பிடிக்கும் கிளாம்ப்பில் 0.40 மி.மீ. சராசரி ஆரம் (ஷாட் கூட்டத்தின் மையத்திலிருந்து ஷாட்டுகளின் சராசரித் தூரம்) தரும் நல்ல லாட்டோடு அவர் 630 எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே ஆள் 0.70 மி.மீ. தரும் லாட்டுக்கு மாறினால் தூரம் 1.26 ஆகும். சராசரி 10.445க்கு இறங்கும். 60 ஷாட்டில் சுமார் 3.3 புள்ளி போய்விடும். சர்வதேச மட்டத்தில் அது பல இடங்களுக்குச் சமம்.

588 எடுக்கும் புதியவருக்கு இதே மாற்றத்தால் போவது 1.4 புள்ளி அளவுதான். அவருடைய கை ஆட்டம் 2.8 மி.மீ.க்கு மேல் இருப்பதால் பெல்லட்டின் சிதறல் அதற்குள் அமுங்கிவிடுகிறது. 600ஐத் தாண்டாத பிள்ளைகளுக்கு லாட் சோதனைக்குச் செலவழிக்கும் நேரத்தை நிற்கும் நிலையிலும் டிரிக்கரிலும் போடச் சொல்லுங்கள். ஒரு நல்ல மேட்ச் பெல்லட், பேரலுக்குப் பொருந்தும் தலை அளவு, இவை போதும். 615ஐத் தாண்டியவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம் என்பது என் கருத்து.

சோதனைக்கு முன் ரைஃபிள்

கோளாறுள்ள ரைஃபிளில் பெல்லட்டைச் சோதித்தால் குற்றம் பெல்லட் மேல் விழும். முதலில் பேரலைப் பிடிக்கும் திருகுகள், தோளில் தாங்கும் ஸ்டாக்கையும் பெல்லட்டை ஏற்றிச் சுடும் பாகமான ஆக்‌ஷனையும் இணைக்கும் திருகுகள், பேரல் முனையில் மாட்டும் எடைகள், மூன்றையும் பாருங்கள். முனை எடை கால் சுற்று தளர்ந்திருந்தாலும் குரூப் (ஷாட்டுகள் விழும் கூட்டம்) விரியும். திருகுகளைத் தயாரிப்பாளர் கையேட்டில் கொடுத்த முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கை அளவில் விடாதீர்கள்.

காற்றுச் சிலிண்டர் நிரம்பி இருக்கட்டும். காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் இருக்கும் ரைஃபிளிலும் அழுத்தம் மிகக் கீழே இறங்கினால் வேகம் சரியும். சோதனை முடியும் வரை 100 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேலேயே வைத்திருப்பது நல்லது. சிலிண்டரில் அச்சிட்ட தேதியையும் பாருங்கள். 10 ஆண்டு கடந்த அலுமினிய சிலிண்டரை ரேஞ்சுக்குள் கொண்டுவராதீர்கள். 200 பார் காற்று அடைத்த உலோகக் குப்பி அது, விளையாட்டுப் பொருள் இல்லை.

பேரலைச் சுத்தம் செய்ய ஃபெல்ட் பெல்லட் (அழுத்திய கம்பளித் துண்டு) போதும். உலர்ந்த ஃபெல்ட் இரண்டைச் சேர்த்து வைத்துச் சுட்டு, கறுப்பு குறையும் வரை செய்யுங்கள். ஃபெல்ட்டை ஒற்றையாகச் சுடாதீர்கள். எடை போதாமல் பிஸ்டனோ வால்வோ அடிபடும் ரைஃபிள்களும் உண்டு. எஃகு பிரஷ் கூடவே கூடாது. ஈயத்துக்காகவே இழைத்த பேரல் அது, எஃகு கீறிவிடும். சுத்தம் செய்த பேரலில் முதல் 15, 20 பெல்லட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஈயப் படலம் மீண்டும் சமமாகப் படிய அவ்வளவு ஷாட் வேண்டும். சோதனைக்கு நடுவில் சுத்தம் செய்வது இதனால்தான் தவறு. ஒரு லாட் சுத்தமான பேரலிலும் இன்னொன்று படிந்த பேரலிலும் சுடப்பட்டுவிடும்.

கிளாம்ப்

ஸ்டாக்கைக் கழற்றி ஆக்‌ஷனைப் பிடிக்க வேண்டும். பேரலைப் பிடித்தால் அதன் அதிர்வு மாறி, வருகிற குரூப் போட்டியில் வராத குரூப்பாக இருக்கும். கிளாம்ப்பை மேசையில் போல்ட் போட்டு, மேசையைச் சுவரோடோ காங்கிரீட் தரையோடோ இறுக்குங்கள். மரப்பலகை மேசை கால் மணி நேரத்தில் 0.2 மி.மீ. நகர்ந்துவிடும், நமக்கு அது ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

கிளாம்ப் சரியா என்று பார்க்க ஒரு வழி: நன்றாகத் தெரிந்த ஒரே டப்பாவிலிருந்து 20 ஷாட் சுடுங்கள். 20 நிமிடம் விட்டு மறுபடி 20. இரண்டு குரூப்பின் மையமும் 0.3 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தால் ஏதோ நழுவுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போவதில் பயனில்லை. டிரிக்கரை விரலால் இழுத்தாலும் பரவாயில்லை, ஆனால் கையின் எடை ஆக்‌ஷன் மேல் விழக் கூடாது.

கிளாம்ப் வசதி இல்லாத இடத்தில் முன்னும் பின்னும் மணல் பை வைத்து உட்கார்ந்து சுடலாம். அப்போது நம் ஆட்டமும் கலக்கும். ஷாட் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினால் மோசமான லாட்டுகளை மட்டும் கழித்துவிடலாம். நல்லவற்றுக்குள் சிறந்தது எது என்று அதில் தெரியாது.

தலை அளவு

மேட்ச் பெல்லட் தட்டைத் தலையோடும் ஒடுங்கிய இடுப்போடும் இருக்கும். பின்னால் மெல்லிய ஈயச் சுவர் விரிந்து நிற்கும், அதற்கு ஸ்கர்ட் என்று பெயர். காற்று தள்ளும்போது ஸ்கர்ட் விரிந்து பேரலை அடைக்கிறது. தலை, பேரலின் உள்சுவரில் சுருளாக ஓடும் வரிப்பள்ளத்தின் மேட்டில் உட்கார்ந்து பெல்லட்டை நேராக நடத்துகிறது. தலை சிறியதானால் பெல்லட் பேரலுக்குள் லேசாகச் சாய்ந்து ஓடும், முனையை விட்டதும் அந்தச் சாய்வு சிதறலாகும். தலை பெரிதானால் ஏற்றும்போதே ஈயம் சீவப்பட்டு ஒரு பக்கம் தேயும்.

எச் அண்டு என் ஃபினாலே மேட்ச், ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, ஜே.எஸ்.பி. மேட்ச் போன்ற ரைஃபிள் பெல்லட்டுகள் ஏறத்தாழ 0.53 கிராம். தலை அளவு 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று டப்பாவில் எழுதியிருக்கும். எழுதியிருப்பது நடுமதிப்பு, உள்ளே சிறிது முன்பின் இருக்கும். ஈயம் மென்மையானது என்பதால் மைக்ரோமீட்டரில் அளந்தால் அது நசுங்கித் தவறான எண் காட்டும். நூறில் ஒரு மி.மீ. படிகளில் துளையிட்ட தகடு கிடைக்கிறது. பெல்லட்டைத் தலை கீழாகப் போட்டு, எந்தத் துளையில் தன் எடையிலேயே தலை இறங்குகிறது என்று பார்த்தால் போதும். ஒரு டப்பாவிலிருந்து 30 பெல்லட் பாருங்கள். மூன்று துளைகளில் பரவி விழும் லாட்டைச் சுடாமலேயே ஒதுக்கலாம்.

பேரலில் பொருத்தம் பார்க்க: சிலிண்டரைக் கழற்றி, உள்ளே பெல்லட் இல்லை என்று உறுதிசெய்து, பெல்லட் ஏற்றும் வாயான பிரீச்சில் ஒரு பெல்லட்டை வைத்துப் பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியால் மெல்லத் தள்ளுங்கள். முனைக்கு அருகில் சற்று இறுகுவது இயல்பு, மேட்ச் பேரல்களில் முனையைக் கொஞ்சம் ஒடுக்கியே செய்வார்கள். நடுவழியில் திடீரென்று லேசாகி மறுபடி இறுகினால் பேரலைப் பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டும். வெளியே வந்த பெல்லட்டை உருப்பெருக்கியில் பாருங்கள். தலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே ஆழத்தில் வரிகள் இருக்க வேண்டும். ஸ்கர்ட்டில் மட்டும் வரி விழுந்து தலை வழுவழுப்பாக இருந்தால் தலை சிறியது, அடுத்த அளவுக்குப் போங்கள்.

இந்தச் சோதனையில் மூன்று அளவில் ஒன்று கழிந்துவிடும். மற்ற இரண்டையும் சுட்டுத்தான் பார்க்க வேண்டும். 4.50 நன்றாகப் பொருந்துவதுபோல் தோன்றி, 4.49 சிறிய குரூப் தருவது அடிக்கடி நடக்கிறது.

எத்தனை ஷாட்?

பெரும்பாலான லாட் சோதனைகள் கெடுவது இந்த இடத்தில். 5 ஷாட் சுட்டு, துளை சிறியதாக இருந்தால் அதே லாட்டில் 20 டப்பா வாங்கிவிடுகிறார்கள். ஒரே பெல்லட்டை ஒரே ரைஃபிளில் 5, 5 ஆகச் சுட்டால், குரூப்பின் சராசரி 1 மி.மீ. என்றாலும் தனித்தனி குரூப்புகள் 0.5இலிருந்து 1.5 மி.மீ. வரை வரும். இது பெல்லட்டின் குறையல்ல, எண்ணிக்கை போதாததால் வரும் ஆட்டம். ஆறு லாட்டிலும் தலா ஒரு 5 ஷாட் குரூப் சுட்டு மிகச் சிறியதை எடுப்பது ஏறக்குறைய சீட்டுக் குலுக்குவது போலத்தான்.

இன்னொரு குழப்பம்: ஒருவர் 5 ஷாட் குரூப்பையும் இன்னொருவர் 10 ஷாட் குரூப்பையும் வைத்து ஒப்பிடுவது. ஷாட் கூடக் கூட குரூப் இயல்பாகவே விரியும். 5 ஷாட்டுக்குச் சராசரி 1 மி.மீ. என்றால் அதே பெல்லட் 10 ஷாட்டுக்கு 1.24 மி.மீ. தரும்.

10 ஷாட் குரூப்பில் இரு ஓரத்து ஷாட்டுகளை மட்டும் அளப்பதால் மீதி 8 ஷாட்டின் தகவல் வீணாகிறது. அதற்குப் பதில் சராசரி ஆரத்தை எடுங்கள். எல்லா ஷாட்டின் கிடைத்தூரத்தையும் செங்குத்துத் தூரத்தையும் எழுதி, இரண்டின் சராசரியால் குரூப்பின் மையத்தைக் கண்டுபிடித்து, அந்த மையத்திலிருந்து ஒவ்வொரு ஷாட்டும் எவ்வளவு தூரம் என்று பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். எக்ஸெல்லில் ஐந்து நிமிட வேலை. எலெக்ட்ரானிக் டார்கெட் இருந்தால் இந்த எண்கள் கணினியிலேயே கிடைக்கும். காகித டார்கெட் என்றால் ஒரு கறுப்புப் புள்ளிக்கு ஒரு ஷாட்டுக்கு மேல் போடாதீர்கள். ஒரே துளையில் 10 ஷாட் போனால் எது எங்கே போனது என்று பிரிக்க முடியாது. கிளாம்ப்பை அசைக்காமல் டார்கெட் காகிதத்தைத்தான் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பொருந்தும்படி மாற்ற வேண்டும். சுட்ட காகிதத்தை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் 1 மி.மீ.க்கு 23 பிக்சலுக்கு மேல் கிடைக்கும், திரையிலேயே அளந்துகொள்ளலாம்.

ஒரு லாட்டுக்கு 40 ஷாட் சுட்டால் சராசரி ஆரம் ஏறக்குறைய 8 சதவீதப் பிழைக்குள் நிற்கும். இரண்டு லாட்டை ஒப்பிடும்போது பிழை இன்னும் கூடும். அதனால் 0.40க்கும் 0.44க்கும் நடுவே எது நல்லது என்று 40 ஷாட் சொல்லாது. 0.40க்கும் 0.52க்கும் என்றால் சொல்லும். பிழைக்குள் இருக்கும் இரண்டில் எது அதிகம் கையிருப்பில் இருக்கிறதோ அதை வாங்குங்கள்.

சுடும் வரிசை

நான்கு லாட் என்று வைத்துக்கொள்வோம். முதல் லாட்டின் 40ஐயும் ஒரேயடியாகச் சுட்டுவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. காலையில் சுட்டது ஒன்று, ஏ.சி. குளிர்ந்த பிறகு சுட்டது இன்னொன்று என்று ஆகிவிடும். 10, 10 ஆகப் பிரித்து 1, 2, 3, 4 என்று ஏறி, 4, 3, 2, 1 என்று இறங்கி, மறுபடி ஒரு முறை ஏறி இறங்குங்கள். லாட் மாறும் ஒவ்வொரு தடவையும் முதல் 5 ஷாட்டை எண்ணாதீர்கள். பிராண்டே மாறினால் 10. பெல்லட் மேல் பூசியிருக்கும் கிராஃபைட்டும் எண்ணெயும் ஆலைக்கு ஆலை வேறு, பேரல் புதிய படலத்துக்குப் பழக வேண்டும். ஷாட்டுக்கு ஷாட் 20 முதல் 30 விநாடி என்று ஒரே இடைவெளி வைத்தால் ரெகுலேட்டரும் ஒரே மாதிரி நடக்கும்.

லாட் எண்ணிக்கை ஆறுக்கு மேல் போனால் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதல் கட்டத்தில் ஒவ்வொன்றிலும் 20 ஷாட், பாதியைக் கழித்துவிடுங்கள். மிஞ்சியதில் புதிதாக 40 ஷாட். முதல் கட்ட எண்களை இரண்டாம் கட்டத்தோடு கூட்டாதீர்கள். பலவற்றில் முதலில் வந்தது கொஞ்சம் அதிர்ஷ்டத்தாலும் முதலில் வந்திருக்கும், அந்த அதிர்ஷ்டத்தைக் கணக்கில் சேர்த்தால் நிஜத்தைவிட நல்லதாகத் தெரியும்.

0.40 மி.மீ. சராசரி ஆரம் தரும் லாட் 10 ஷாட்டுக்குச் சராசரியாக 1.2 மி.மீ. குரூப் தரும். பெல்லட்டின் 4.5 மி.மீ. விட்டத்தைச் சேர்த்தால் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் 5.7 மி.மீ. 0.70 தரும் லாட்டுக்கு அதே அளவு 6.6 மி.மீ. ஆலைகள் எழுதும் குரூப் அளவு வெளி ஓரமா, மையத்திலிருந்து மையமா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

குரோனோகிராஃப்

பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி குரோனோகிராஃப். 10 மீட்டர் ரைஃபிள் பெல்லட் பெரும்பாலும் 165 முதல் 175 மீ./வி. வேகத்தில் கிளம்பும். 0.53 கிராம் பெல்லட் 170 மீ./வி.யில் போனால் ஆற்றல் 7.7 ஜூல். ஜெர்மனியில் 7.5 ஜூல் வரம்பு இருப்பதால் அங்கே விற்கும் ரைஃபிள்கள் கொஞ்சம் கீழே வைக்கப்பட்டிருக்கும்.

பெல்லட் 10 மீட்டரைக் கடக்க 0.06 விநாடி ஆகும். அதற்குள் சுமார் 18 மி.மீ. கீழே இறங்கும். வேகம் 1 மீ./வி. மாறினால் இந்த இறக்கம் சுமார் 0.2 மி.மீ. மாறும், ஏறக்குறைய ஒரு தசமம். ஷாட்டுக்கு ஷாட் 5 மீ./வி. ஆடும் ரைஃபிளில் வேகத்தாலேயே 1 மி.மீ. செங்குத்து நீட்சி வரும், எந்த லாட்டும் அதைச் சரிசெய்யாது. 10 ஷாட்டில் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் 3 மீ./வி.க்குள் இருந்தால் கவலையில்லை.

பத்து நிமிடம் விட்டுச் சுடும் முதல் ஷாட் மட்டும் ஒவ்வொரு முறையும் விலகினால் ரெகுலேட்டர் மூடிய பிறகும் காற்றை மெல்லக் கசியவிடுகிறது என்று அர்த்தம். சீல் மாற்ற வேண்டும். ஒளி உணரும் குரோனோகிராஃப்பை டியூப்லைட் அல்லது மலிவான எல்.இ.டி. வெளிச்சத்தில் வைத்தால் அவற்றின் துடிப்பால் இல்லாத வேக மாற்றம் காட்டும். பழைய குண்டு பல்பு ஒன்றை மேலே தொங்கவிடுங்கள்.

வேகத்தைத் திருகிக் குரூப்பைச் சுருக்க முடியும் என்பது உண்மைதான், ஆனால் லாட் முடிவான பிறகே அதைத் தொடுங்கள். 2 மீ./வி. படியில் மாற்றி, ஒவ்வொரு படியிலும் மறுபடி 40 ஷாட் வேண்டும். சுத்தியல் ஸ்பிரிங்கைத் திருகிப் பழக்கமில்லாதவர்கள் அதைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நல்லது.

எடை பார்ப்பது

மில்லிகிராம் தராசு வாங்கி ஒவ்வொரு பெல்லட்டையும் நிறுத்துப் பிரிப்பவர்கள் உண்டு. 5 மில்லிகிராம் வித்தியாசம் என்றால் எடையில் 1 சதவீதம். அதே காற்று ஆற்றலில் வேகம் அரை சதவீதம் மாறும், இலக்கில் 0.17 மி.மீ. ஒரு தசமம்கூட இல்லை. அதற்கு மேல் விலகும் பெல்லட் உள்ளே வெற்றிடமோ உருக்குலைவோ இருப்பதன் அறிகுறி என்பதால் அவற்றைக் கழிக்க மட்டும் தராசு உதவும். தராசைக் கண்ணாடி மூடிக்குள் வையுங்கள், மின்விசிறிக் காற்றில் எண் நிற்காது.

எடை பார்க்கும் நேரத்தை ஸ்கர்ட்டைப் பார்ப்பதில் செலவிடுங்கள் என்பேன். கண்ணாடியின் மேல் உருட்டிவிட்டால் நல்ல பெல்லட் வட்டமாகச் சீராக உருளும், நசுங்கியது தத்தித் தத்திப் போகும். 40க்கு ஒன்று தனியாக வெளியே போகும் ஷாட்டுக்கு பெரும்பாலும் இதுவே காரணம்.

குரூப்பின் உருவம் சொல்வது

செங்குத்தாக நீண்டால் வேகம். கிடையாக நீண்டால் கிளாம்ப், அல்லது பேரல் பக்கவாட்டில் ஆடுகிறது. இரண்டு தனித்தனிக் குவியலாக விழுந்தால் டப்பாவில் இரண்டு தலை அளவு கலந்திருக்கிறது, அல்லது எங்கோ ஒரு திருகு இரண்டு நிலையில் மாறி மாறி உட்காருகிறது. முதலில் வேறு டப்பாவைச் சுட்டுப் பாருங்கள். அதிலும் இரண்டு குவியல் என்றால் திருகைத் தேடுங்கள். குரூப் சிறியதாக இருந்து, ஷாட் ஏற ஏற ஒரே திசையில் மெல்ல நகர்ந்தால் மேசையோ கிளாம்ப்போ நகர்கிறது. அந்த லாட்டைக் குறை சொல்லாமல் அந்தச் சுற்றை மறுபடி சுடுங்கள்.

வாங்குவதும் வைப்பதும்

டப்பாவின் பின்னால் லாட் எண் இருக்கும். சோதனைக்கு எடுத்த டப்பாவின் எண்ணை எழுதிவைத்து, அதே எண்ணுள்ளதை மட்டும் கேட்டு வாங்குங்கள். பிராண்டும் தலை அளவும் ஒன்றாக இருந்து லாட் மாறினால் அது வேறு பெல்லட், சோதனை மறுபடி முதலிலிருந்து. நாளுக்கு 100 ஷாட், வாரம் 5 நாள் என்றால் ஆண்டுக்கு 26,000 பெல்லட், 500 கொண்ட டப்பா 52. இவ்வளவும் நல்ல லாட்டாக வேண்டாம். பயிற்சிக்கு இரண்டாவதாக வந்த லாட் போதும், போட்டிக்கும் போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்துக்கும் முதலாவது. இறக்குமதிச் சரக்கு என்பதால் அடுத்த முறை கேட்கும்போது அந்த லாட் தீர்ந்திருக்கும். சோதனை முடிந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

கடற்கரை ஊர்களில் ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அது ஈயக் கார்பனேட், நச்சு. பூத்த பெல்லட்டைத் துடைத்துச் சுடாமல் எறிந்துவிட வேண்டும், பேரலுக்குள்ளும் அந்தப் பொடி போகக் கூடாது. டப்பாவை டேப் ஒட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். மர அலமாரி வேண்டாம், மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். பைக்கின் பக்கப் பெட்டியில் பெல்லட் டப்பா போட்டு ரேஞ்சுக்கு வருவது சாதாரணமாக நடப்பதுதான். வேகத்தடைக்கு வேகத்தடை பெல்லட்டுகள் ஒன்றோடொன்று மோதி ஸ்கர்ட் நசுங்கும். டப்பாவுக்குள் மேலே ஒரு வட்ட ஸ்பாஞ்ச் வெட்டிவைத்து, முதுகுப் பையில் துணிக்கு நடுவே எடுத்துவாருங்கள்.

பெல்லட்டைத் தொட்ட கையோடு வடையும் டீயும் வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். பெல்லட்டை உதட்டில் கவ்வும் பழக்கம் பிள்ளைகளிடம் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். இலக்குக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் பொறியைக் காலி செய்யும்போது முகமூடி போட்டு, உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். தூசியாகப் பறக்கும் ஈயம்தான் உடம்புக்குள் அதிகம் போகும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அல்லது பேரலைக் கழற்றிப் பூட்டிய பிறகு, வைத்திருக்கும் லாட்டில் 40 ஷாட் சுட்டுப் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். 0.40 ஆக இருந்தது 0.55 ஆகியிருந்தால் முதலில் திருகுகள், அடுத்து பேரல் முனையில் அடிபட்ட தடம், அதற்கடுத்து ரெகுலேட்டர். பெல்லட்டைச் சந்தேகிப்பது கடைசியில்.